காலித் தொட்டி மிதக்கும்

மண் பரிசோதனைக்காரர் துளைக்குழாயை இழுத்து
நுனியைக் காட்டினார்:
ஐந்தடியில் ஈரம், ஏழடியில் தண்ணீர்.
திருத்துறைப்பூண்டியில் குளம் வெட்ட
வரைபடம் எதற்கு என்று
டீக்கடையில் கேட்டது நியாயம்தான்.

முள்ளியாற்றுக்கு மேற்கே, பழைய குப்பைக்கிடங்கு.
நகராட்சி தந்த பட்டியலில்
இறகுப்பந்துக்கு இரண்டு களம், உடற்பயிற்சிக் கூடம்,
கேரம் ஆட ஓர் அறை,
இருபத்தைந்து மீட்டரில் நீச்சல்குளம்.
கடைசியில் பேனாவால் ஒரு வரி:
கூரை கஜாவைத் தாங்க வேண்டும்.
அதற்கு விதிநூலில் ஓர் எண் உண்டு.
கொஞ்சம் கூட்டியே போட்டேன்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வைரக்கண்ணு எழுந்தார்.
"குறுவைக்கு எட்டாத தண்ணி
இங்க மட்டும் எப்படி எட்டும்?"
சுழற்சி, வடிகட்டி, கூரையின் மழைநீர் என்று
படத்துக்குப் படம் தாவினேன்.
"எத்தன லிட்டரு, அதச் சொல்லுங்க."
நாலு லட்சத்து முப்பத்தேழாயிரம்.
விரல் மடக்கி, உதடு அசைத்து,
என் கால்குலேட்டர் விழிப்பதற்குள் முடித்துவிட்டார்:
"ஒரு மாவுக்குக் கெண்டைக்கால் தண்ணி.
அவ்வளவுதானே. கட்டுங்க."

சுலைகா கூட்டத்தில் வாய் திறக்கவில்லை.
அரசு மருத்துவமனையில் செவிலி.
எல்லோரும் போனபின் தாளருகே வந்து
பெண்கள் உடைமாற்றும் அறையின் கதவில் விரலை வைத்து
தண்ணீர் விளிம்பு வரை நடத்திப் பார்த்தார்.
"இது எத்தனை எட்டு?"
பதினொன்று.
"மேல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"
பார்வையாளர் படிகள் நேர் எதிரே. தெரியும்.
"தண்ணிக்குள்ள போயிட்டா ஒண்ணுமில்ல மேடம்.
போற வரைக்கும்தான்."

அன்றிரவு விடுதி அறையில்
படிகளைப் பெயர்த்துத் தெற்குச் சுவரில் வைத்தேன்.
இடையில் துளைச்செங்கல்: காற்று வரும், கண் வராது.
கதவைத் திருப்பினேன். பதினொன்று, மூன்றானது.
கேரம் அறை பலி.
கேரம்காரர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

(எனக்கு நீந்தத் தெரியாது.
எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை.)

கட்டமைப்புக் கணக்குப் பார்த்த பக்கிரிசாமி
முதல் நாளே எழுதித் தந்திருந்தார்:
நிறைந்த குளத்தால் தொல்லையில்லை.
காலித் தொட்டி மிதக்கும்.
அடியில் ஊறும் தண்ணீர்
கான்கிரீட்டைப் படகென்று நினைத்துக்கொள்ளும்.
ஆகவே அடித்தளம் தடிமனாக இருக்கட்டும்.
ஆகவே ஐப்பசிக்கு முன் நிரப்பிவிடவும்.
ஒப்பந்தக்காரர் முதல் ஆகவேயோடு நிறுத்திக்கொண்டார்.

ஐப்பசி பதினெட்டு, இரவு பதினொன்றே கால்.
தளப் பொறியாளர் தையல்நாயகியின் குரலுக்குப் பின்னால்
மழை.
"மேடம், வடக்கு மூல ரெண்டு நூல் ஏறியிருக்கு.
ஏறிக்கிட்டே இருக்கு."

ஊரே தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்த இரவில்
உள்ளே இறைக்கச் சொன்னேன்.
மின்சாரம் இல்லை.
வைரக்கண்ணு தன் டீசல் எஞ்சினை
டிராக்டரில் ஏற்றி வந்தார்;
சம்பா நாற்றை மூழ்கடித்த தண்ணீரை
அப்படியே திருப்பி விட்டார்.
விடியும்போது ஆறு தடமும் களிமண் நிறம்.
மூன்றாம் தடத்தில் ஒரு தவளை
விதிப்படி நீந்திக்கொண்டிருந்தது.

ஏறிய இரண்டு நூல் இறங்கவேயில்லை.
ஓடு பதித்த சவரிமுத்து
சாந்தைக் கூட்டிக் குறைத்து ஒரு நூலை மறைத்தார்.
மற்றது இருக்கிறது.
வடக்கு மூலையில் தண்ணீரின் கோடு
மெல்லச் சரிந்து ஓடும்; சொன்னால்தான் தெரியும்.

புதன், வெள்ளி காலை பெண்கள் நேரம்.
சுலைகா ஆறாம் தடத்தின் முடிவில்
அந்த மூலையைத்தான் தொட்டுத் திரும்புகிறார்.
நான் கொஞ்சம் தள்ளி,
கம்பியை விடாமல்,
இரண்டடிக் குழந்தைகள் குளத்தில்.